முன்சக்கரம் இழுக்கும் சாய்வு சைக்கிளை நம்மூர்ப் பட்டறையில் செய்ய முடியுமா?

கோட்டையூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது. வயது 46. சாதாரண சைக்கிளில் அரை மணி நேரம் போனாலே மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கின்றன. நாற்காலியில் சாய்ந்தபடி காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிளை வீடியோவில் பார்த்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் லட்சக்கணக்கில் ஆகும். முன்சக்கரமே இழுக்கும் வகை என்றால் இரண்டு பழைய சைக்கிளை வைத்தே செய்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது உண்மையா, காரைக்குடிப் பட்டறையில் நடக்குமா, ஓட்டுவது கஷ்டமா, மேடு ஏறுமா, இவ்வளவு நல்லது என்றால் கடைகளில் ஏன் இல்லை?

உண்மைதான். காரைக்குடியில் தாராளமாகச் செய்யலாம். நான் இரண்டு செய்திருக்கிறேன். முதல் வண்டி உடைந்துபோனது, இரண்டாவது நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த வண்டிக்கான பெரிய செலவு பணத்தில் இல்லை, பழகுவதில் இருக்கிறது. ஐந்து வயதிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறவரும் இதில் ஏறினால் முதல் நாள் பத்தடி போகமாட்டார். பட்டறை வேலை பத்து நாளில் முடிந்துவிடும். உடம்பு பழக ஒரு மாதம் ஒதுக்க முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். முடியும் என்றால் மேலே படியுங்கள்.

கடைகளில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. பிரான்சில் சார்ல் மோஷே என்பவர் சாய்வு சைக்கிள்கள் செய்துகொண்டிருந்தார். 1933 ஜூலை மாதம் பாரிஸில் அவருடைய வண்டியை ஓட்டிய பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் போனார். ஆஸ்கர் எக் 1914-ல் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை அதுவரை 19 வருஷம் அசையாமல் நின்றிருந்தது. முன்வரிசை வீரர் என்று சொல்ல முடியாத ஒருவர் அதை முறியடித்துவிட்டார். சர்வதேச சைக்கிள் சங்கம் 1934-ல் பந்தய சைக்கிள் என்றால் என்ன என்பதற்கே புது வரையறை எழுதி, சாய்வு சைக்கிளை வெளியே நிறுத்தியது. பந்தயத்தில் இல்லாத வண்டியைப் பெரிய கம்பெனிகள் தயாரிக்கவில்லை. கம்பெனி தயாரிக்காத வண்டி கடைக்கு வரவில்லை. அதனால்தான் இன்றும் உலகம் முழுக்க இதைப் பட்டறையில் தானே செய்துகொள்கிறவர்கள் நிறைய.

ஃபோருக்குக் கிடைத்த லாபம் காற்றிலிருந்து வந்தது. சமதரையில் வேகம் கூடக்கூட நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. நிமிர்ந்த உடம்பு காற்றுக்குக் கதவு மாதிரி நிற்கும். சாய்ந்த உடம்பு குறைவாகவே மறிக்கும். ஆடி மாதம் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. நம் பக்கம் பெரும்பாலும் சமதரை, வெயில், காற்று. சாய்வு சைக்கிளுக்கு இதைவிடத் தோதான சீமை கிடைக்காது என்று நான் நம்புகிறேன்.

சரி, முன்சக்கரம் ஏன்? சாய்வு சைக்கிளில் பெடல் வண்டியின் மூக்கில் இருக்கிறது. பின்சக்கரத்தை ஓட்ட வேண்டும் என்றால் செயின் அங்கிருந்து சீட்டுக்கு அடியில் நுழைந்து கடைசி வரை போக வேண்டும். சாதாரண செயின் இரண்டரை, மூன்றைக் கோத்தால்தான் எட்டும். வழியில் அதைத் திருப்பிவிட உருளைகள் வேண்டும், அவை இரையும், கிரீஸ் கால்சட்டையில் படும். முன்சக்கரத்தை ஓட்டினால் பெடலும் சக்கரமும் பக்கத்து வீடு. ஒரே ஒரு சாதாரண செயின் போதும். ஃப்ரீவீல் (சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரம்), கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), கியர் எல்லாம் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும் சாமான்கள்.

இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பெடல் ஃபிரேமோடு அசையாமல் நிற்கும், சக்கரம் மட்டும் திரும்பும். வளைவில் செயின் முறுக்கிக்கொள்ளும் என்பதால் நுணுக்கமாகச் செய்ய வேண்டும். இன்னொன்றில் பெடல், கிராங்க், செயின், சக்கரம், ஹேண்டில்பார் ஆகிய அத்தனையும் ஒரே கட்டாக, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும். செயின் முறுக்கும் பிரச்சினையே இல்லை. அமெரிக்காவில் குரூஸ்பைக் என்ற பெயரில் விற்பது இந்த வகைதான். வீட்டில் செய்வதற்கு ஏற்றதும் இதுதான். பழகுவதற்குக் கடினமானதும் இதுவேதான், ஏனென்றால் நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் ஹேண்டில்பாரைத் திருப்பப் பார்க்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது வேலை. இரண்டு பழைய 26 அங்குல கியர் சைக்கிள் வாங்குங்கள். இரும்பு ஃபிரேமாக இருக்க வேண்டும். காந்தம் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாவிட்டால் அலுமினியம், அது நம் பட்டறை வேலைக்கு ஆகாது. முதல் சைக்கிள் முன்பக்கம் ஸ்பிரிங் ஃபோர்க் உள்ளதாக இருந்தால் நல்லது. காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டாவது சைக்கிளிலிருந்து நமக்கு வேண்டியது அதன் பின்முக்கோணம். பெடல் அச்சு உட்காரும் குழாய், அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு கீழ்க்கம்பிகள், சக்கரத்திலிருந்து சீட்டுக்கு அடிவரை ஏறும் இரண்டு மேல்கம்பிகள், சீட் குழாய் இவை சேர்ந்தது. இதை முழுசாக, உள்ளே எதையும் பிரிக்காமல், முன்பக்க ஃபிரேமிலிருந்து அறுத்து எடுங்கள். அப்புறம் அதன் சக்கர அச்சைப் பிடித்துக்கொண்டு, பெடல் பக்கம் மேலே போகும்படி ஏறத்தாழ 50 டிகிரி தூக்குங்கள். என்ன நடக்கிறது பாருங்கள். மேல்கம்பிகள் நிமிர்ந்து, லேசாகப் பின்னால் சாய்ந்து, ஒரு ஃபோர்க் மாதிரி நிற்கின்றன. கீழ்க்கம்பிகள் முன்னால் மேல்நோக்கி நீள்கின்றன. பெடல் சக்கரத்துக்கு முன்னால், காலை நீட்டினால் எட்டும் உயரத்தில் வந்துவிட்டது. சீட் குழாய் டயருக்கு மேலே பாலம் போலப் படுத்திருக்கிறது. செயின் வலப்பக்கமே இருக்கிறது, சுழலும் திசையும் மாறவில்லை. சக்கரம் அதன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

நான் முதல் வண்டியில் இதை யோசிக்கவில்லை. முன் ஃபோர்க்கையே விரித்து அதில் பின்சக்கரத்தைப் பொருத்தினேன். கியர் சைக்கிளில் முன் ஃபோர்க்கின் உள் அகலம் 100 மில்லிமீட்டர், பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப் 135. இரண்டு பக்கமும் பதினேழு பதினேழு மில்லிமீட்டர் நெம்பி விரித்தோம். போதாததற்கு ஆர்க் வெல்டிங்கில் மெல்லிய குழாய் ஓரத்தில் கருகிப்போயிருந்தது, பெயின்ட் அடித்ததால் தெரியவில்லை. மூன்றாவது வாரம் குன்றக்குடி போகிற வழியில் ஃபோர்க்கின் தோளில் கீறல் விழுந்து சக்கரம் ஒருபக்கம் சாய்ந்தது. மெதுவாகப் போனதால் முழங்கை சிராய்ப்போடு முடிந்தது. பின்முக்கோணத்தையே ஃபோர்க்காகத் திருப்பினால் 135 மில்லிமீட்டர் அகலம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, பிரேக் பொருத்தும் முளைகளும் மேல்கம்பியிலேயே இருக்கின்றன. மேல்கம்பிகள் மெல்லியவை என்று பயப்படலாம். ஆனால் முக்கோணம் முழுசாக இருப்பதால் பிரேக் போடும்போது வரும் முன்பின் தள்ளலை மூன்று பக்கமும் பகிர்ந்துகொள்ளும்.

வெல்டிங் பட்டறையில் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சைக்கிள் குழாய் கேட், கிரில் கம்பி மாதிரி தடிமன் இல்லை. கேஸ் வைத்துப் பித்தளை ஒட்டுப் போடத் தெரிந்தவரைத் தேடுங்கள். பழைய ரிக்‌ஷா, மூன்று சக்கர வண்டி வேலை பார்த்தவர்களுக்கு இது கைவந்த வேலை. ஆர்க் மட்டும்தான் கிடைக்கும் என்றால் மெல்லிய ராடு, குறைந்த கரன்ட், அங்குலம் அங்குலமாக விட்டு விட்டு ஒட்ட வேண்டும். எதுவானாலும் முதலில் புள்ளி ஒட்டு மட்டும் வைத்து, சக்கரத்தை மாட்டி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, நேராக இருக்கிறது என்று உறுதியான பிறகே முழு ஒட்டுக்குப் போக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்துவார்கள். காபி வாங்கிக் கொடுத்து நிறுத்துங்கள்.

அடுத்தது இந்த முக்கோணத்தை முதல் சைக்கிளோடு சேர்ப்பது. முதல் சைக்கிளின் ஃபோர்க்கிலிருந்து மேல்குழாயை, அதாவது ஃபிரேமின் தலைக்குள் நுழைந்து பால்ரஸ் மேல் சுழலும் குழாயை, அதன் அடிக் கிண்ணம் உட்காரும் வளையத்தோடு அறுத்து எடுத்து, நம் முக்கோணத்தின் உச்சியில் ஒட்ட வேண்டும். ஸ்பிரிங் ஃபோர்க் உள்ள சைக்கிள் வேண்டும் என்றது இதற்குத்தான். அந்த ஃபிரேம் நீளமான ஃபோர்க்குக்காகவே செய்தது. நம் மேல்கம்பிகளின் நீளமும் அதற்குப் பக்கத்தில் வரும், அதனால் தலைக்குழாயின் சாய்வு மாறாது.

இந்த ஒட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பதில்தான் வண்டியின் குணம் இருக்கிறது. ஒரு நீளமான நேர்க்கோலைத் தலைக்குழாயின் சாய்வோடு ஒட்டிப் பிடித்துத் தரைவரை நீட்டுங்கள். கோல் தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். தலைக்குழாய் 70, 72 டிகிரி சாய்வில் இருந்து, சக்கர அச்சு அந்தக் கோலின் கோட்டுக்கு நாலரை, ஐந்து சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் இந்த அளவு வந்துவிடும். மிகக் குறைந்தால் வண்டி பதறும். மிகக் கூடினால் மெதுவாகப் போகும்போது சக்கரம் ஒருபக்கம் விழுந்து விழுந்து இழுக்கும்.

ஹேண்டில்பாரை மேல்குழாயின் உச்சியில் வழக்கம்போல் மாட்டலாம், ஆனால் அகலமானதாகப் போடுங்கள். அங்கிருந்து பெடல் குழாய் வரை இன்னொரு கம்பியைக் கொடுத்துவிட்டால் மிதிக்கும்போது கட்டு வளையாது. பெடல் உங்களை நோக்கி வரும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன்பே உட்கார்ந்து பாருங்கள்.

கியர் வையுங்கள். ஒரே கியர் வண்டி பார்க்க அழகு, ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்குக் கிளம்பும்போது லேசான கியர் வேண்டும். பெடல் பக்கம் 44 பல், சக்கரத்தின் பக்கம் 18 பல் என்று வைத்தால் ஒரு மிதிச் சுற்றுக்கு 5 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். இது ரோட்டுக்குச் சரி, கிளம்புவதற்குக் கனம். இரண்டு பக்கமும் 28 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான், அதில் கிளம்பிப் பழகுங்கள். முக்கோணத்தைத் தூக்கிவிட்டதால் கியர் மாற்றி கீழே தொங்காமல் முன்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும், வேலையில் குறையில்லை. முதல் சைக்கிளின் பின்சக்கரம் வெறுமனே உருள்வதற்கு மட்டும்தான். அதன் ஃப்ரீவீலைக் கழற்றிவிடலாம். பிரேக்கை விடக்கூடாது.

சீட்டு விஷயத்தில் நான் நம் வீட்டு முகப்பில் கிடக்கும் சாய்வு நாற்காலியிடம்தான் பாடம் படித்தேன். வெயில் காலத்து மத்தியானத்தில் அதில் சாய்ந்து கிடந்தவர்களுக்குத் தெரியும், உடம்பு எங்கும் குத்தாது, முதுகுக்குப் பின்னால் காற்று ஓடும். மெல்லிய இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் செய்து, கட்டிலுக்குப் பின்னும் நைலான் நாடாவை இழுத்துக் கட்டிவிட்டேன். நுரை மெத்தை போடாதீர்கள், சித்திரை வெயிலில் முதுகு நனைந்துவிடும். நாடா நாளடைவில் தொய்யும், வருஷத்துக்கு ஒருமுறை இறுக்கிக் கட்டினால் சரி. சட்டத்தின் அடியை ஃபிரேமோடும், மேல்முனையை இரண்டு கம்பி வைத்துப் பின்சக்கர அச்சுப் பக்கமும் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். அடியில் முன்னும் பின்னும் 5 சென்டிமீட்டர் நகர்த்தும்படி நீள ஓட்டை போடுங்கள்.

கால் அளவுக்கு ஒரு சுலபமான வழி. செருப்பு அல்லது ஷூவோடு தரையில் காலை நீட்டி, இடுப்பும் முதுகும் சுவரில் ஒட்ட உட்காருங்கள். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 107 சென்டிமீட்டர். அதில் கிராங்கின் நீளமான 17 சென்டிமீட்டரைக் கழித்தால் 90. சீட்டின் முதுகடியிலிருந்து பெடல் அச்சு வரை ஏறத்தாழ இவ்வளவு இருக்க வேண்டும்.

இனி மேடு ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இழுப்பது முன்சக்கரம், ஆகவே அதன் மேல் பாரம் இருந்தால்தான் தரையைப் பிடிக்கும். மேட்டில் பாரம் பின்னால் சரியும், முன்சக்கரம் லேசாகும். தார் ரோட்டில் பிரச்சினை இல்லை. நம் பக்கத்துச் செம்மண் சரளைமேல் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் சீட்டைப் போல்ட் போட்டு இறுக்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆளின் எடை பார்க்கும் மெஷினை முன்சக்கரத்துக்கு அடியில் வையுங்கள், பின்சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குச் செங்கல். யாராவது பிடித்துக்கொள்ள நீங்கள் ஏறிச் சாய்ந்து காலைப் பெடலில் வையுங்கள். என் எடையும் வண்டி எடையும் சேர்ந்து 84 கிலோ. முதல் வண்டியில் முன்னால் 34 கிலோதான் விழுந்தது, ஊருணிக்கரை மேட்டில் மழை பெய்த மறுநாள் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். இரண்டாவதில் சீட்டை முன்னால் நகர்த்தி, முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். 43 கிலோ வந்தது. பாதிக்குக் குறையாமல் முன்னால் விழுந்தால் நம் ஊர் மேம்பாலங்கள் எதுவும் தடையில்லை. நன்றாகப் படுத்தபடி ஓட்ட ஆசை இருந்தால் அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். முதுகு சாயச்சாய பாரம் பின்னால்தான் போகும். தரையிலிருந்து 50 டிகிரி எனக்குச் சரியாக இருக்கிறது. பின் கேரியரில் அரிசி மூட்டை ஏற்றினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

மலையே ஏறாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். மரியா பார்க்கர் என்ற பெண் 2013-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை நடக்கும் பந்தயத்தில் பெண்கள் தனிப்பிரிவில் ஜெயித்தார். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர், நடுவே ராக்கி மலைத்தொடர். அவர் ஓட்டியது இப்படிப் பெடல் சேர்ந்து திரும்பும் முன்சக்கர வண்டிதான்.

பழகுவதைப் பற்றிச் சொல்கிறேன், இதை அவசரமில்லாமல் படியுங்கள். வலது காலால் தள்ளினால் கட்டு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். பெடல் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 20 கிலோ அழுத்தம் கொடுத்தால், நடுவிலிருந்து 30 சென்டிமீட்டரில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் உங்கள் கைக்கு ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். ஹேண்டில்பார் அகலமாக வேண்டும் என்றது இதனால். வலது கால் தள்ளும்போது வலது கை அதே அளவுக்கு இழுக்க வேண்டும், இடது கால் தள்ளும்போது இடது கை. சொன்னால் எளிது. ஆனால் இதை மூளை யோசித்துச் செய்தால் தாமதமாகிவிடும், கை தானாகச் செய்ய வேண்டும். நீச்சல் மாதிரி, திரும்பத் திரும்ப உடம்பைப் பழக்குவதைத் தவிர வழியில்லை.

அதனால் முதல் சில நாள் மிதிக்கவே மிதிக்காதீர்கள். இதற்கு நம் செட்டிநாட்டுத் தெருக்களைப் போல இடம் வேறெங்கும் கிடையாது. மழைத்தண்ணீர் ஊருணிக்கு ஓடி வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட தெருக்கள் அவை. நேராக, அகலமாக, கண்ணுக்குத் தெரியாத சரிவோடு இருக்கும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகளில் பாதி பூட்டிக் கிடப்பதால் விடிகாலையில் நடமாட்டமும் குறைவு. நான் பள்ளத்தூரில் உறவினர் வீட்டில் பத்து நாள் தங்கி அங்கேதான் பழகினேன். தெருமுனைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி ஊருணிப் பக்கம் உருளவிட வேண்டும். பயம் போனதும் ஒரு காலைப் பெடலில் வையுங்கள், பிறகு இரண்டையும். மிதிக்காமல் உருள்வது மட்டும். பிரேக்கில் விரல் இருக்கட்டும். ஊருணிப் படிக்கட்டுக்கு நல்ல தூரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

உருள்வது நிச்சயமானதும், உருண்டுகொண்டிருக்கும்போதே லேசான கியரில் மெதுவாக மிதியுங்கள். அழுத்தம் வேண்டாம், காலைச் சுழற்றினால் போதும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவது கடைசிப் பாடம். ஒரு கால் தரையில், மற்றக் கால் பெடலில் மேல்பக்கம், அந்தப் பக்கத்துக் கை ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்தபடி ஒரே தள்ளு, உடனே தரையில் இருந்த கால் மேலே வந்துவிட வேண்டும். எனக்கு நாலாம் நாள் ஐம்பது அடி மிதிக்க வந்தது. இரண்டாம் வாரம் தெருவைச் சுற்றினேன். ஒரு மாதம் கழித்துத்தான் கானாடுகாத்தான் வரை மெயின் ரோட்டில் போனேன். தினமும் அரை மணி நேரம் போதும், களைத்தபின் பழகினால் தப்பான பழக்கம்தான் ஒட்டும். ஒரு மாதம் ஆன பிறகும் ஒரு கையை விட்டுத் தண்ணீர் குடிப்பது சிரமம். இந்த வகையில் அது வண்டியின் குணம், குழாய் வைத்த தண்ணீர்ப் பை மாட்டிக்கொள்ளுங்கள்.

பழகும் நாட்களில் விழுவீர்கள், ஆனால் சீட்டு 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் விழுவது பெரும்பாலும் உட்கார்வது போலத்தான். முழுக்கைச் சட்டை, கையுறை, ஹெல்மெட் போடுங்கள். கையைத் தரையில் ஊன்றாதீர்கள். முக்கியமாக, தடுமாறும்போது காலைத் தரையில் வேகமாக ஊன்றி நிறுத்தப் பார்க்காதீர்கள். வண்டி முன்னால் போய்க் கால் அடியில் மாட்டிக்கொள்ளும். பிரேக்கைப் பிடித்துவிட்டுப் பிறகு காலை இறக்குங்கள்.

தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள். பள்ளத்தூரில் ஒரு ஆச்சி தினமும் காலையில் கோலம் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஏழாம் நாள், "இன்னைக்குக் கை ஆடலையே தம்பி, வந்திருச்சு" என்றார். நான் கவனிக்காததை அவர் கவனித்திருந்தார். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியபோதும் தெருவே நின்று பார்த்தது, பேசியது. அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. உங்கள் தெருவும் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ரோட்டுக்கு வந்தபின் சில விஷயம். பஸ் டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தாழ்வாகத் தெரிவீர்கள். சீட்டுக்குப் பின்னால் ஆறடி உயரத்துக்கு ஒரு வளையும் கம்பியில் ஆரஞ்சுக் கொடி கட்டுங்கள், பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும், பின்னால் பார்க்கக் கண்ணாடி கட்டாயம். முகம் வானத்தைப் பார்த்திருப்பதால் பத்து மணிக்கு மேல் வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும், முன்விளிம்பு நீண்ட தொப்பி இல்லாமல் கிளம்பாதீர்கள். வேகத்தடையில் சாதாரண சைக்கிள் மாதிரி எழுந்து நிற்க முடியாது, முதுகு முழுக்க அடி வாங்கும். மெதுவாகத்தான் ஏற வேண்டும். டயரைக் கொஞ்சம் அகலமாகப் போட்டு, காற்றைக் கல் மாதிரி இறுக்காமல் வைத்தால் நல்லது.

பஞ்சர்தான் நம் பக்கத்துப் பெரிய எதிரி. சீமைக் கருவேல முள் எந்த டயரையும் விடாது. முன்சக்கரமே திருப்புகிறது, முன்சக்கரமே இழுக்கிறது என்பதால் அந்த டயர் சீக்கிரம் தேயும், தேய்ந்த டயரில் முள் சுலபமாக இறங்கும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் டியூபுக்கும் நடுவே படுக்கவைத்துவிட்டேன். கொஞ்சம் கனம் கூடியது, பஞ்சர் பெரும்பாலும் நின்றது. பின் டயரும் முன் டயரும் ஒரே அளவு என்பதால் பாதி தேய்ந்ததும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

செலவு, இரண்டு பழைய சைக்கிளும் பட்டறைக் கூலியும் நாடாவும் புது செயினும் சேர்த்து எனக்கு 8,000 ரூபாய்க்குள் அடங்கியது. எடை 19 கிலோ, மாடிக்குத் தூக்குவதை மறந்துவிடுங்கள்.

உங்கள் வலியைப் பற்றி. மணிக்கட்டில் பாரமே விழாது, கழுத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை, அந்த இரண்டும் எனக்கு முதல் வாரமே தெரிந்தது. ஆனால் பழகும் மாதத்தில் தோளும் முன்கையும் நன்றாக வேலை செய்யும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதால் மணிக்கட்டும் கொஞ்சம் வலிக்கும். கை தளர்ந்து பிடிக்கக் கற்றபின் அது போய்விட்டது. கழுத்து எலும்பிலோ டிஸ்கிலோ கோளாறு இருந்தால் சாய்ந்து உட்காரலாமா, விழுந்தால் தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே இரும்பை அறுங்கள். கேட்கும்போது வீடியோவையும் காட்டுங்கள், வெறுமனே சைக்கிள் என்று சொன்னால் அவர் பழைய சைக்கிளைத்தான் நினைத்துக்கொள்வார்.